வாரக்கா

காரைக்காலில் அவரைத் தேடி வந்தவர்கள் யாரும் பெயர் சொல்லி விசாரித்ததில்லை. "வாரக்கா வீடு எதுங்க?" என்றுதான் கேட்பார்கள். போலியோ கால்களுக்குப் போடும் காலிப்பர், செயற்கைக் கால், சர்க்கரை நோயாளிகளின் செருப்பு என்று எதிலெல்லாம் தோல் வார் உண்டோ அதையெல்லாம் அவர் வெட்டித் தைத்துத் தருவார். வார் செய்கிற அக்கா என்பது சுருங்கி வாரக்கா ஆகிவிட்டது. என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். தேடும்போது அது எங்கே இருக்கிறதென்று அவருக்கே நினைவிருக்காது.

என் கணவர் மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டினச்சேரியில் ஏற்றினால் கும்பகோணத்தில் இறக்குவார். நாற்பத்தாறு வயதில், ஒரு நாள் காலையில், வண்டிச் சாவியை எடுக்கப் போன கை பாதியிலேயே தொங்கிவிட்டது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டு, பிறகு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. மூன்று மாதம் கழித்து, கால் ஊன்றி நடக்க ஒரு காலிப்பர் போடச் சொன்னார்கள். ஷூவின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, கெண்டைக்காலில் ஒரு தோல் வார், கணுக்காலில் ஒன்று. இடுப்பு பெல்ட்டில் இருப்பதுபோலவே பக்கிள். தயாராக வாங்கிய காலிப்பரில் வாரின் நுனியைக் கத்தரிக்கோலால் நேராக நறுக்கி விட்டிருந்தார்கள். ஒற்றைக் கையால் அதைப் பக்கிளுக்குள் நுழைக்கவே முடியவில்லை. தினமும் காலையில் நான் மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். சாயந்திரம் வந்து கழற்றுவேன். இடையில் அவர் அதை அவிழ்க்க முடியாமல் கால் கடுக்க உட்கார்ந்திருப்பார். பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் வாரக்காவிடம் போகச் சொன்னாள்.

பிரான்சில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பெரிய வீடு அது. முன்கதவு பூட்டியே கிடக்கும். பக்கத்துச் சந்து வழியாகப் போனால் பின்கட்டில் இரண்டு அறை. வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காக அக்காவுக்கு அதை விட்டிருந்தார்கள். நான் நெரவியில் டீச்சராக இருக்கிறேன் என்று வாசலிலேயே அறிமுகப்படுத்திக்கொண்டு, இவருக்கு எப்போது, எப்படி ஆனது என்று ஆரம்பித்தேன். அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"வாங்க சார், உக்காருங்க. எந்தக் கை நல்ல கை?"

இவர் இடது கையைக் காட்டினார்.

"மாட்டிக் காட்டுங்க."

இவர் குனிந்தார். வார் பக்கிளின் விளிம்பில் முட்டி மடங்கியது. திரும்பத் தள்ளினார். வழுக்கிக் கீழே விழுந்தது. அக்கா எதிரில் ஒரு முக்காலியில், இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. இவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் தாங்க முடியாமல் குனிந்து வாரைப் பிடித்தேன்.

"கை வைக்காதீங்க டீச்சர்."

"அவரால முடியலைங்க."

"தெரியுது. எங்க முடியலைன்னு பாக்கணும்ல?"

என் கை பின்வாங்கியது. இருபது நிமிடத்துக்குப் பிறகு இவர் அழுதார். பக்கவாதம் வந்தவர்களுக்கு அழுகை சட்டென்று வந்துவிடும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, ஆறுதலாக ஒரு சொல் சொல்லவும் இல்லை. வாரைக் கழற்றி வாங்கி, கொண்டையில் இருந்த பென்சிலால் அதில் ஏதோ குறி போட்டு, "வியாழக்கிழமை வாங்க" என்றார்.

ஆட்டோவில் வரும்போது, "நெஞ்சுல ஈரமே இல்லாத பொம்பளை, இனிமே அந்தப் பக்கமே போக வேண்டாம்" என்றேன். இவரிடம் அப்போது பத்துப் பதினைந்து சொற்கள்தான் இருந்தன. அவற்றில் தேடி ஒன்றை எடுத்தார்.

"வியாழன்" என்றார்.

வியாழக்கிழமை போனபோது அவர் வெட்டுவதைப் பார்த்தேன். ஒரு புளியமரக் கட்டை, ஒரு உளி, ஒரு மரச்சுத்தி, ஒரு கத்தி, உப்புத்தாள், ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயம். சாமான்கள் அவ்வளவுதான். நாணயத்தை வாரின் நுனியில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தார். ஆனால் நடுவில் வைக்கவில்லை, ஓரமாக வைத்தார். கூர்முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. "சார் இடது கையால வெளியேருந்து தள்ளுறாங்க. அப்ப நுனி உள்பக்கமா சாஞ்சிருந்தாத்தான் தானாப் போகும்" என்றார். பிறகு உளியைக் கோட்டின் மேல் வைத்து ஒரு தட்டு, கொஞ்சம் திருப்பி மறுபடி ஒரு தட்டு. மூலைகள் துண்டு துண்டாக விழுந்தன.

"ஏங்க்கா, ஒரே இழுப்பா வளைச்சு வெட்டக் கூடாதா?"

"வளைவை வளைவா வெட்ட வராது டீச்சர். கத்தி தப்பிப் போயிரும். சின்னச் சின்ன நேர்வெட்டா வெட்டிட்டு அப்புறம் தேய்ச்சுக்கணும்."

தேய்த்தார். நுனியை அடிப்பக்கத்தில் கத்தியால் சீவிச் சீவி, தோசையின் ஓரம்போல மெல்லிதாக்கினார். நுனிக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும் லேசாகக் குடைந்தார். அந்தப் பக்கம் வந்த நுனியை விரல் பிடித்து இழுக்க அந்தப் பள்ளம். கடைசியில் பார்த்தால் அது ஒரு பாம்பின் தலைபோல இருந்தது. அதைத் தன் காலிலேயே கட்டி, வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, இடது கையால் மாட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. அப்புறம்தான் இவரிடம் கொடுத்தார்.

அன்றும் இவரால் முடியவில்லை. மறுபடி குறி, மறுபடி சீவல். நான்காவது முறை போனபோது வார் உள்ளே போனது. அந்தப் பக்கம் வந்த நுனியை இவர் பிடித்து இழுத்தார். பக்கிளின் முள் ஓட்டையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. இவர் நிமிர்ந்து முதலில் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். அக்கா, "கழட்டிட்டு இன்னொரு தடவை" என்றார்.

அதற்குப் பிறகு நானே சில சமயம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சும்மா போய் அங்கே உட்கார்ந்திருப்பேன். யாருக்கும் அவர் எதையும் எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஊன்றுகோல் நழுவி விழுந்தால், அவர்களே எடுக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். "பாவம்" என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு வயசான பாய் வருவார். சர்க்கரையில் விரல்கள் மரத்துப்போனவர். வாரைப் பிடித்திருக்கிறாரா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. அக்கா அவருடைய செருப்பு வாரின் நுனியை மீன்வால்போல அகலமாக வெட்டிக் கொடுத்தார். விரலே வேண்டாம், உள்ளங்கையால் அணைத்து இழுத்துவிடலாம். அதற்கு முன் அவரை ஏழெட்டு முறை அழ வைத்திருக்கிறார். பாய் என்னிடம் ஒருநாள் சொன்னார்: "முன்னெல்லாம் பள்ளிவாசல் வாசப்படியில எம் மவன் குனிஞ்சு கழட்டி விடுவான் டீச்சரம்மா. ஜமாஅத்தே பாத்துக்கிட்டிருக்கும். இப்ப அல்லாஹ் கிருபையில நானே கழட்டுறேன், நானே மாட்டுறேன். இந்தப் புள்ளைய நான் திட்டாத திட்டு இல்லை. அவ்வளவுக்கும் சேத்து இப்ப அல்லாஹ்கிட்ட துஆ கேட்டுக்கிட்டிருக்கேன்."

எல்லோரும் பாய்போல இல்லை. பட்டினச்சேரியிலிருந்து ஒரு அம்மா, காலிப்பர் போட்ட தன் மகளை அழைத்து வந்தார். எட்டு வயதிருக்கும். குழந்தை வாரை நுழைக்க முடியாமல் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டியது. "கை வைக்காதீங்க" என்றார் அக்கா. குழந்தை கேவியது. அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"ஒனக்கு ஒரு புள்ள இருந்தா தெரியும்டி!"

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை. அக்கா வெகுநேரம் அந்த வாரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் புறப்பட எழுந்தேன்.

"அவசரப்பட்டுட்டேன்" என்றார். "அந்தப் புள்ளைக்கு இன்னும் நாலு நாள் விட்டுப் புடிச்சிருக்கணும். எனக்கு அந்த அளவு தெரிய மாட்டேங்குது டீச்சர்."

அவர் தன் வேலையில் தவறு என்று எதையும் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஏன் இப்படி என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. கேட்டது என் கணவர். இவருக்குச் சொற்கள் குறைவு என்பதால் சுற்றி வளைக்கவும் தெரியாது. ஒரு மழை நாளில், வெளியே போக முடியாமல் மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது, "ஏன்... கல்லு... மாதிரி?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா கோபப்படவில்லை. உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"எங்கம்மாவுக்கும் ஒரு பக்கம்தான் சார் விழுந்துச்சு. பதினோரு வருஷம். பாண்டியில செயற்கைக் கால் செய்யிற எடத்துல வேலை பாத்துக்கிட்டிருந்தேன், விட்டுட்டு வந்துட்டேன். ஊட்டுறது, தலை சீவுறது, எல்லாம் நான்தான். ஒரு சொட்டு சிந்த விட மாட்டேன். ஒருநாள் கோட்டுச்சேரியில ஒரு கல்யாணம். பஸ்ஸு கெடைக்காம வர ரொம்ப லேட்டாயிருச்சு. வந்து பாத்தா நாக்கு வறண்டு போயி உக்காந்திருக்கு. பக்கத்துலயே சொம்புல தண்ணி. ஒரு கை நல்லாத்தான் இருந்துச்சு சார் அதுக்கு. எட்டுற தூரம்தான். ஏம்மா எடுத்துக் குடிக்கலைன்னு கேட்டா, நீ வரலையேன்னு சொல்லுச்சு."

மழை பெய்துகொண்டிருந்தது. இவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கைய நாந்தான் சார் முடமாக்குனேன்" என்றார் அக்கா. பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.

அம்மா போன பிறகுதான் இந்த வேலையைத் தனியாக ஆரம்பித்தாராம். நெரவிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. பெண்பிள்ளை தோலைத் தொட்டு வேலை செய்வதை அண்ணன் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வாசலில் நின்றே கொடுத்துவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போவார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குச் சிரிப்பு வரும். "வந்த வேலை சீக்கிரம் முடிஞ்சிருது, நல்லதுதானே" என்பார்.

ஐந்து வருடம் இப்படிப் போனது. இவர் தனியாகவே ஷேர் ஆட்டோ ஏறி அக்காவைப் பார்க்கப் போய்வரும் அளவுக்கு ஆகிவிட்டார். பேச்சும் பெரும்பாலும் திரும்பிவிட்டது, நடுநடுவே நின்று நின்று வரும். ஒருநாள் புது வாருக்குச் சொல்லிவிட்டு வந்தவர், "அக்கா கை... வீங்கியிருக்கு" என்றார்.

மறுநாளே போனேன். வலது கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். மூடியும் தெரிந்தது. முழங்கையிலிருந்து விரல்வரை உப்பி, தோல் பளபளவென்று இருந்தது. மார்பில் கட்டி வந்து, பாண்டியில் ஆபரேஷன் செய்து, ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஒருவருக்கும் தெரியாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று பத்து நாள் அறையைப் பூட்டியிருந்தாரே, அப்போதுதான்.

"ஏங்க்கா சொல்லலை?"

"சொன்னா எல்லாரும் அவங்க காலை விட்டுட்டு என் கையைப் பாப்பீங்க."

"அடுத்த தடவை ரேடியேஷனுக்குப் பாண்டி போறப்ப நான் வர்றேங்க்கா. லீவு சொல்லிக்கலாம்."

"நீங்க வந்து என்னா டீச்சர் பண்ணப் போறீங்க? கரண்ட்டு எனக்குத்தானே வைக்கணும்."

பேசிக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தார். உளியும் சுத்தியும் பிடிக்க இரண்டு கை வேண்டும். அதனால் தோலைக் கால் பெருவிரலால் கட்டையோடு மிதித்துக்கொண்டு, இடது கையால் கத்தியை ஊன்றி, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்து அழுத்தினார். நுனி கோணிக்கொண்டு வந்தது. அதை ஓரமாகப் போட்டார். ஓரத்தில் அப்படி ஒரு குவியலே இருந்தது. தோலையாவது அமுக்கிப் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அவர் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். என் கணவரின் வாரை முடிக்க அவருக்கு மூன்று நாள் ஆனது. முன்பு செய்து கொடுத்ததற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அடுத்த மாதம் வீட்டுக்காரர்களுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, நெரவியில் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் தினமும் போகிற ஊர்தான். "போய்ப் பார்க்க வேண்டும்" என்று தினமும் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு முன் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்துவிட்டேன். காலை எட்டு மணி இருக்கும். பாண்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. அக்கா இடது கையில் ஒரு பையோடு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். வலது கை மட்டும் வேறு யாருடையதோபோலப் பெரிதாகத் தொங்கியது. பையை முதலில் படியில் வைத்தார். இடது கையால் கம்பியைப் பிடித்து, காலைத் தூக்கி வைத்து, ஏறப் பார்த்தார். முடியவில்லை. கால் மறுபடி தரைக்கு வந்தது. கண்டக்டர் டீக்கடையில் இருந்தார். பின்னால் வந்த ஒருவர், அவசரத்தில் முன்வாசல் வழியாக ஏறிக்கொண்டார்.

நான் ஏழெட்டு அடி தூரத்தில் நின்றிருந்தேன். ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போதுதான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. இத்தனை பேர் நடுவில் நான் போய்த் தாங்கினால் அவர் என்ன நினைப்பார்? நின்றேன். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இன்னொரு முறை முயன்றார். முடியவில்லை. மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். முடியும் என்று சொல்வதுபோலத் தலையை ஆட்டினேன்.

அவர் திரும்பி, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி, படியில் உட்கார்ந்தார். அப்படியே பின்னால் நகர்ந்து நகர்ந்து அடுத்த படிக்கு ஏறி, கம்பியைப் பிடித்து எழுந்தார். சேலையெல்லாம் அழுக்கு. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கண்டக்டர் வந்த பிறகு பஸ் புறப்பட்டது.

அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது. சாயந்திரம் இவரிடம் சொன்னேன். "ஒருத்தரையும் கூப்பிடலைங்க. தானே ஏறிட்டாங்க."

"நீ?" என்றார் இவர்.

"நான் பாத்துக்கிட்டு நின்னேன். கை வைக்கலை."

இவர் குனிந்து காலிப்பரைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா இறந்துவிட்டார். நெரவியில் அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊன்றுகோலும் காலிப்பருமாக நிறைய பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் நாற்காலி போதவில்லை. அண்ணன் யார் யாரென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். பாயும் வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசி வாரத்தில் வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்தாராம்.

"ஒங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்துச்சு டீச்சரம்மா. பஸ் ஸ்டாண்டுல நீங்க நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்களாம்."

"எப்படிச் சொன்னாங்க பாய்? கோவமாவா?"

பாய் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுச்சு. 'டீச்சர் நல்லாக் கத்துக்கிட்டாங்க'ன்னுச்சு. அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து இவரிடம் கேட்டேன். "நீங்க சொல்லுங்க. முதல்நாள் அங்க நீங்க மாட்ட முடியாம அழுதீங்களே, அப்ப நான் கை வைக்கணும்னு இருந்துச்சா, வைக்கக் கூடாதுன்னு இருந்துச்சா?"

இவர் சொற்களைத் தேடுகிறார் என்று நினைத்தேன். தேடவில்லை, தயங்கியிருக்கிறார்.

"ரெண்டும்" என்றார்.

"ரெண்டும்னா?"

"ஒரே... நேரத்துல. இப்பவும்... சில நாள்... அப்படித்தான்."

இத்தனை வருடத்தில் இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை. முதலில் கேட்காமல் செய்துகொண்டிருந்தேன், பிறகு கேட்காமல் நின்றுகொண்டிருந்தேன். இப்போது காலையில் இவர் காலிப்பரை எடுக்கும்போது, "நான் வரட்டுமா?" என்று கேட்கிறேன். பெரும்பாலான நாள் வேண்டாம் என்று தலையாட்டுவார். சில நாள், மழையில் கால் இறுகியிருக்கும்போது, காலை என் பக்கம் நீட்டுவார்.

அன்று பஸ் ஸ்டாண்டில் அக்காவையும் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், அவருக்கு அதிலென்ன தயக்கம். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் யாரும் இல்லை.